வாளையார்: மலை விட்ட வழி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இவ்விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். யாம் புலவர் அல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் எழுத்தராய்க் காலம் கழித்து வருகின்றோம். இலக்கியம் பேச வல்லார் இவ்வவையில் பலர் உளர். ஆகவே எமக்குத் தெரிந்த ஒரு நிலத்தைப் பற்றிப் பேசுவதே தகும் எனக் கருதினோம். அந்நிலம், யாம் பிறந்த சிற்றூரை அடுத்துள்ள வாளையார்.

வாளையார் என்றவுடன் நம்மவர் பலர்க்கும் நினைவுக்கு வருவது செக்போஸ்ட். தமிழ்நாட்டிலிருந்து கேரளம் செல்லும் லாரிகள் அங்கே நாட்கணக்கில் வரிசையிட்டு நின்ற காலம் ஒன்றுண்டு. 2017 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சரக்கு சேவை வரி வந்தபின் அந்த வரிச் சாவடி வேலையற்றுப் போயிற்று. லாரிகள் நிற்பதும் நின்றது. ஆயின் மனிதர் கோடு கிழித்துச் சாவடி வைப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே இயற்கை அங்கே ஒரு வாயிலை வைத்திருந்தது. அவ்வாயிலைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை, தபதி ஆற்றின் தெற்கே தொடங்கிக் குமரிமுனையை நெருங்கும் வரை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீண்டு கிடக்கின்றது. இந்நெடுஞ்சுவரைக் கடக்க வேண்டுமாயின் எங்கும் ஏறி இறங்கியே ஆகவேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஏற வேண்டுவதில்லை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இவ்விரண்டிற்கும் நடுவே முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்திற்கு மலை தானே விலகி வழி விட்டிருக்கின்றது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். நீலகிரியின் தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரம். தெற்கே, ஆனைமலைத் தொடர் சென்று சேரும் இடுக்கி மாவட்டத்து ஆனைமுடி 2695 மீட்டர். தென்னாட்டின் மிக உயர்ந்த சிகரம் அதுவே. இத்தகைய இரு பெருமலைகளின் இடையே உள்ள கணவாயோ கடல்மட்டத்திற்கு மேல் 300 மீட்டரையும் எட்டவில்லை. வாளையார் இக்கணவாயின் வடகிழக்கு ஓரத்தில், மலையடியை ஒட்டி அமைந்தது.

மலை ஏன் இங்கே மட்டும் விலகிற்று? நிலத்தின் ஆழத்தில் மிகத் தொன்மையான பாறைகள் ஒன்றையொன்று உராய்ந்து நழுவிய வடுவொன்று, பாலக்காட்டிலிருந்து காவிரி நிலம் வரை கிழக்கு மேற்காகச் செல்கின்றது என்று நிலநூலார் கூறுவர். அவ்வடுவின் வழியே பாறை நலிவுற்றது; நலிந்த பாறையைக் காற்றும் நீரும் ஊழிதோறும் அரித்தன. மலை இடிந்து விழுந்த வழியன்று இது. தேய்ந்து தேய்ந்து உண்டான வழி.

அன்பர்களே! வழி உண்டானால் முதலில் நுழைபவர் யார்? காற்று! சூன் திங்களில் மேற்கே கேரளத்தில் பருவமழை கொட்டும்போது, மலை மறைத்த இடங்களில் எல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம் வறண்டு கிடக்கும். கணவாய்க்கு எதிரே உள்ள கோயம்புத்தூருக்கும் பல்லடத்திற்கும் உடுமலைக்கும் மட்டும் அந்தக் குளிர்காற்று வீசும். தூறலும் சிறிது வரும். கோவையின் தட்பவெப்பத்தைப் புகழாதார் இல்லை. அப்புகழில் பெரும்பங்கு வாளையார் வழியே வரும் காற்றுக்கு உரியது. இன்று பல்லடம், உடுமலைப் பக்கங்களில் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் சுழல்கின்றனவே, அவற்றைச் சுழற்றுவதும் இதே காற்றுத்தான்.

மார்கழி, தை மாதங்களில் காற்றுத் திரும்பிவிடும். கிழக்கிலிருந்து வறண்ட காற்று கணவாய்க்குள் புகுந்து பாலக்காட்டின் மீது வீசும். பனை மரத்து ஓலைகள் இரவெல்லாம் சலசலக்கும். எம் ஊரில் அக்காலத்தில் கதவுக்கு முட்டுக்கட்டை கொடுத்துத்தான் உறங்குவார்கள். கேரளத்தின் பிற பகுதிகளில் தென்னை நிற்கும் இடத்தில் பாலக்காட்டில் பனை நிற்பதற்கும், பங்குனி சித்திரையில் கேரளத்திலேயே மிகுந்த வெயில் அங்கே காய்வதற்கும் இக்கணவாயே காரணம். கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. கோயம்புத்தூரில் பெய்வது அதில் நான்கில் ஒரு பங்கு அளவே. இவ்விரண்டிற்கும் நடுவே, ஈரமும் வறட்சியும் கைகோத்து நிற்கும் இடம் வாளையார்.

அங்குள்ள காடும் அவ்வாறே. சைலண்ட் வேலியின் இருண்ட மழைக்காட்டைப் போன்றதன்று. தேக்கும் மருதும் வேங்கையும் மூங்கிலும் நிறைந்த, வேனிலில் இலை உதிர்க்கும் காடு அது. மாசியில் பார்த்தால் எலும்புக்கூடு போல் நிற்கும். முதல் மழை விழுந்த பத்தாம் நாள் பார்த்தால் அடையாளம் தெரியாது. மலையின் மேலே ஏற ஏறப் பசுமை மிகும். உச்சியின் மடிப்புகளில் சோலைக்காடுகள் உண்டு. அந்த மலைகளில் பிறக்கும் நீர்தான் இருபுறமும் ஓடி மக்களைக் காக்கின்றது. வாளையாறு மேற்கே சென்று கல்பாத்திப் புழையில் கலந்து, பாரதப்புழையாகிப் பொன்னானியில் கடலைச் சேர்கின்றது. அதே மலைக்கூட்டத்தின் வடபகுதியில் தோன்றும் சிறுவாணியின் அணை கேரள எல்லைக்குள் இருக்கின்றது. குடிநீர் கோவைக்கு வருகின்றது. மலை எந்த மாநிலத்து நீர் என்று கேட்டுக் கொடுப்பதில்லை.

இதில் மறவாது சொல்லவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1956 நவம்பர் 1 வரை மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இருந்தது. வாளையார் அப்பொழுது இரு மாவட்டங்களின் எல்லை மட்டுமே. மலம்புழை அணையைக் கட்டியது சென்னை அரசு. 1955 இல் அது திறக்கப்பட்டபோது முதலமைச்சராய் இருந்தவர் காமராசர். வாளையாற்றின் அணை 1964 இல் முடிந்தது. அப்பொழுது அது கேரளத்தின் அணை. மாநிலங்கள் மாறின, ஆறு மாறவில்லை.

இனி, இவ்வழியே நடந்தவரைப் பற்றிச் சிறிது கூறுவோம். மேற்கே முசிறித் துறைமுகம். கிழக்கே கருவூர், கொடுமணல். யவனர் கொணர்ந்த பொன்னும் இங்கிருந்து சென்ற மிளகும் மணியும் இக்கணவாய் வழியேதான் போய்வந்தன. போத்தனூரை அடுத்த வெள்ளலூரில் உரோமானிய நாணயங்கள் குவியலாய்க் கிடைத்தமை அதற்குச் சான்று. பின்னாளில் தமிழ்நாட்டு அந்தணர் இவ்வழியே சென்று கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களில் குடியேறினர். நெசவாளரும் வணிகரும் உழவரும் சென்றனர். 1766 இல் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை எழுப்பியதும் இவ்வாயிலைக் காப்பதற்கே. இவ்வவையிலும் பாலக்காட்டுக் குடும்பங்கள் பல உள்ளன. உங்கள் முன்னோர் கால்நடையாய்க் கடந்த வழி இதுவே. வேலை தேடி ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு, இக்கணவாய் மூத்த உறவினர் போன்றது.

ஆயின் இவர் எல்லார்க்கும் மூத்த வழிப்போக்கர் ஒருவர் உளர். அவர் யானை.

நாம் கிழக்கு மேற்காகச் செல்கின்றோம். யானைக்கோ மலையடியை ஒட்டிய வழி வேண்டும். போளுவாம்பட்டி மலையிலிருந்து வாளையார்க் காடு வரையும், அங்கிருந்து மீண்டும் மேலேயும், பருவத்திற்கு ஏற்ப அது நடந்துகொண்டே இருக்கும். வளர்ந்த யானைக்கு நாள் ஒன்றுக்கு 150 கிலோவுக்குக் குறையாத தீனி வேண்டும். நூறு லிட்டருக்குமேல் நீர் வேண்டும். ஓரிடத்திலேயே நின்று தின்றால் காடு மொட்டையாகிவிடும். ஆகவே நடப்பது அதற்குப் பொழுதுபோக்கன்று; அதுவே அதன் பிழைப்பு. எந்த மாதத்தில் எந்தச் சுனையில் நீர் இருக்கும் என்பதைக் கூட்டத்தின் மூத்த பெண் யானை அறியும். அவள் பின்னே மகளும் பேத்தியும் செல்வர். அவ்வழி எழுதப்படாத ஓர் ஆவணம். அந்தப் பாட்டி மாண்டால் அவ்வாவணமும் மாளும்.

இன்னொரு வியப்பும் கூறுவோம். கணவாய்க்கு வடக்கே உள்ள யானைகளின் மரபணுவையும் தெற்கே உள்ளவற்றின் மரபணுவையும் ஒப்பிட்டு ஆய்ந்த அறிஞர்கள், அவை இரண்டும் வேறுபட்டிருப்பதைக் கண்டனர். நமக்கு வாயிலாய் இருப்பது மலைவாழ் உயிர்களுக்கு அகழியாய் இருக்கின்றது! உயர்ந்த சோலைகளில் வாழும் சிரிப்பான் குருவியும் அப்படியே. நீலகிரியில் ஓர் இனம். கணவாயைத் தாண்டிப் பழனி, ஆனைமலைப் பக்கம் வேறோர் இனம். குளிர்ந்த உச்சியில் பிறந்த சிறு பறவைக்கு இந்த முப்பது கிலோமீட்டர் வெப்பநிலம் ஒரு கடல். ஒரே இடம் ஒருவர்க்கு வழி, மற்றொருவர்க்குத் தடை. இதை மனத்தில் கொண்டு மேலே கேளுங்கள்.

1862 இல் ரயில் வந்தது. சென்னையிலிருந்து மேலைக்கடற்கரைப் பேப்பூர் வரை இருப்புப்பாதை அவ்வாண்டிலேயே இணைந்தது. மலையைக் குடையாமல் மேற்குக் கடலை அடைய வாளையார் வழியை விட்டால் வேறு எது? அக்காலத்தில் தண்டவாளத்தின் அடியில் இட்ட கட்டைகள் மரத்தால் ஆனவை. ரயிலுக்கும் கப்பல் தளத்திற்கும் தேக்கு வேண்டுமென்று தென்னாட்டுக் காடுகள் வெட்டுண்டன. வெட்டுவது அளவு மீறியது கண்டே 1856 இல் சென்னை மாகாணத்தில் காட்டுத் துறை ஏற்பட்டது. கிளெக்ஹார்ன் என்பார் அதன் முதல் காப்பாளர். ஆகவே ரயிலுக்கும் இக்காட்டிற்கும் உள்ள கடன் கணக்கு மிகப் பழையது. யாம் ரயில்வே உப்பைத் தின்பவர். அக்கணக்கை மறந்து பேசுதல் முறையன்று.

அதன்பின் சுண்ணாம்புக்கல் வெட்டுவோர் வந்தனர். மதுக்கரையில் ஒரு சிமெண்டு ஆலை. 1984 இல் உற்பத்தி தொடங்கிய மலபார் சிமெண்ட்ஸ் வாளையாரில். கஞ்சிக்கோட்டில் தொழிற்பேட்டை. பின் நெடுஞ்சாலை, கல்லூரிகள், வீட்டுமனைகள். ஒன்றையும் தீது என்று யாம் ஒதுக்கவில்லை. நாம் வாழும் காலனியின் சுவரும் சிமெண்டால் எழுந்ததே. எத்தனையோ குடும்பங்களுக்கு அவ்வாலைகள் சோறிடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் யானையின் வழியில் ஒரு முழம் எடுத்துக்கொண்டது. முழம் முழமாய்க் கொடுத்தவன் ஒருநாள் வேட்டியே இல்லாமல் நிற்பான் அன்றோ?

ரயில் பாதையோ ஒன்றாய் இருந்தது இரண்டாயிற்று. மதுக்கரைக்கும் வாளையாருக்கும் இடையே இரு பாதைகளும் அருகருகே செல்லாமல் பிரிந்து செல்கின்றன. அவற்றுள் ஒன்று காட்டின் உள்ளேயே செல்கின்றது. சில இடங்களில் இருபுறமும் மேட்டுக்கரை. இரவில் தண்டவாளத்தில் ஏறிவிட்ட யானைக்கூட்டம் வண்டியின் விளக்கைக் கண்டு திகைத்தால், விலகுவதற்கு இடமே இல்லை. வண்டி ஓட்டுநர் வளைவில் கண்டு பிரேக் பிடித்தாலும், ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட வண்டி நின்ற இடத்தில் நிற்குமா? 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே மங்களூரிலிருந்து சென்னை சென்ற விரைவு வண்டி மோதி மூன்று யானைகள் மாண்டன. இது முதல் நிகழ்ச்சியன்று. இத்தடத்தில் முன்னும் பன்முறை நிகழ்ந்ததே.

பெண் யானை ஒன்று ஏறத்தாழ 22 திங்கள் கருச் சுமக்கின்றது. ஒரு கன்றுக்கும் மறு கன்றுக்கும் இடையே நான்கைந்து ஆண்டு செல்லும். ஒரே நொடியில் போன மூன்று உயிரைக் காடு மீட்க எத்தனை ஆண்டு ஆகும் என்று தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே தண்டவாளத்தின் கீழே யானை கடப்பதற்கென்றே இரண்டு அகன்ற வழிகள் அண்மையில் அமைக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் மதுக்கரைக் காட்டில் 12 கோபுரங்கள் நிறுத்தி, வெப்பத்தை அறியும் கேமராக்கள் பொருத்தி, யானை தண்டவாளத்தை அணுகும்போதே கணினி அறிந்து செய்தி அனுப்பும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு வனத்துறை தொடங்கிற்று. செய்தி நிலையத்திற்கும் ஓட்டுநருக்கும் சென்று வண்டி மெல்ல வருகின்றது. காட்டின் உள்ளே இரவெல்லாம் கண்விழித்துத் தண்டவாளத்தில் நடக்கும் காவலர் உளர். அவருள் அக்காட்டிலேயே பிறந்த இருளரும் மலசரும் உண்டு. யானையின் மனம் அறிந்த மக்கள் அவர்கள். ஆனைமலையில் யானைப் பாகராய்த் தலைமுறை தலைமுறையாய்ப் பழகியவர்கள் மலசர். கேமராவும் வேண்டும், அவர் கண்ணும் வேண்டும்.

எல்லாம் சரி, வடநாட்டில் காலனிக் குடியிருப்பில் வாழும் நாம் இதற்கு என்ன செய்யக் கூடும் என்று கேட்பீர்கள். எம் சிற்றறிவுக்கு எட்டிய மூன்றைக் கூறுவோம்.

முதலாவது, நேரம் பற்றியது. எம் தொழில் கணக்கு எழுதுவது; ஆகவே கணக்காகவே சொல்கின்றோம். காட்டுப் பகுதி 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 20 நிமிடம். 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 30 நிமிடம். வேறுபாடு பத்தே நிமிடம்! இங்கிருந்து ஊர் செல்ல இரண்டு பகலும் இரண்டு இரவும் வண்டியில் கிடக்கின்றோம். வழியில் எங்கெங்கோ சிக்னலுக்கு அரைமணி நிற்கும்போது சீட்டு விளையாடிக்கொண்டிருக்கின்றோம். வாளையார்க் காட்டில் பத்து நிமிடம் மெல்லச் சென்றால் மட்டும் முணுமுணுக்கின்றோம். "வண்டி லேட்" என்று குறை எழுதும் பயணிகளின் கடிதங்களை அலுவலகத்தில் நிறையக் கண்டிருக்கின்றோம். "காட்டில் மெல்லச் சென்றமைக்கு நன்றி" என்று ஒரு கடிதம் கூட இதுவரை எம் மேசைக்கு வந்ததில்லை. வேகக் கட்டுப்பாடு காகிதத்தில் நிலைப்பதும் நிலையாததும் பயணிகள் விரும்புவதைப் பொறுத்தும் இருக்கின்றது. நம் சங்கத்தின் பெயரால் அத்தகைய கடிதம் ஒன்று செல்லுமாயின் அது இவ்விழாவின் பெரும்பயன் ஆகும். செயற்குழுவினர் இதனைச் சிந்திப்பார்களாக.

இரண்டாவது, எச்சில் இலை பற்றியது. புளியோதரையும் இட்டலியும் கட்டிக்கொண்டு செல்கின்றோம். உண்டு முடித்துப் பொட்டலத்தைச் சன்னல் வழியே எறிகின்றோம். காட்டில் எறிந்த சோறும் பழத்தோலும் யானையைத் தண்டவாளத்திற்கு அழைக்கும் அழைப்பிதழ். உப்பும் புளியும் மணக்கும் பிளாஸ்டிக் உறையை மானும் விழுங்கும். போத்தனூர் தாண்டிப் பாலக்காடு வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் ஒரு பொருளையும் வெளியே எறியோம் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் உறுதி கொண்டால், பெரியோரும் கூச்சத்தால் கைவிடுவர்.

மூன்றாவது, அறிமுகம் பற்றியது. நம் பிள்ளைகள் இங்கே பிறந்தவர். இமயத்தின் பெயர் தெரியும், நைனிதால் தெரியும். தம் பாட்டனார் கடந்த மலையின் பெயர் தெரியாது. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வண்டி பகலில் கணவாயைக் கடக்குமாயின், பிள்ளைகளை வலப்பக்கச் சன்னல் ஓரத்தில் அமர்த்துங்கள். மதுக்கரை தாண்டியவுடன் கையெட்டும் தூரத்தில் எழுந்து நிற்பது வாளையார் மலை. இடப்பக்கம் தொலைவில் நீலநிறமாய்த் தெரிவது ஆனைமலை. இவ்விரண்டிற்கும் நடுவே வீசுவதுதான் உன் முகத்தில் படும் காற்று என்று சொல்லுங்கள். பெயர் தெரிந்த மலையை மனிதன் எளிதில் அழியவிடான். 1970களில் சைலண்ட் வேலியை மின்சார அணைக்காக மூழ்கடிக்க எண்ணியபோது, ஆசிரியரும் கவிஞரும் மாணவரும் அப்பெயரை ஊர் ஊராய்ச் சொன்னார்கள். அது 1984 இல் தேசியப் பூங்கா ஆயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியச் சொத்தாக யுனெஸ்கோ 2012 இல் ஏற்றபோது, அதுவும் அப்பட்டியலில் இடம்பெற்றது. பெயரைச் சொல்லியே காத்த காடு அது.

நண்பர்களே! பழந்தமிழர் நிலத்தை வகுத்தபோது மலையைக் குறிஞ்சி என்றனர், காட்டை முல்லை என்றனர். பாலைக்கென்று தனி நிலம் வகுக்கவில்லை. மலையும் காடும் தம் வளம் இழந்து வெம்மையுற்றால் அதுவே பாலை என்று கொண்டனர். இது வெறும் இலக்கணம் அன்று, எச்சரிக்கை. பாலை எங்கோ தொலைவில் இருக்கும் நாடன்று. நம் குறிஞ்சியும் முல்லையும் கவனிப்பாரற்றால் ஆகக்கூடிய நிலை. பாலை மரங்கள் நிறைந்தமையால் பாலக்காடு பெயர் பெற்றது என்பர். அந்தப் பாலை மரத்தின் பெயராகவே இருக்கட்டும்; நிலத்தின் பெயராய் ஆகவேண்டா.

மலை நமக்கு வழி விட்டது. அவ்வழியில் நடந்து நாம் வாழ்வு பெற்றோம். நாமும் சிறிது வழி விடுவோம். பத்து நிமிடம், ஒரு பொட்டலம், ஒரு சன்னல் ஓரம்: இவ்வளவே யாம் கேட்பது.